சொத்தையின் முகவரி



பல் மருத்துவத்துக்குப் பெரும்பணி செய்த ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கருவி கண்டவர்கள், மருந்து கண்டவர்கள், அறுவை முறை கண்டவர்கள் எனப் பட்டியல் நீளமானது. நான் எடுத்துக்கொண்ட ஆப்ரி ஷீஹாம் அந்தப் பட்டியலில் வராதவர். பல் மருத்துவர்களாகிய நாம் நாள்தோறும் செய்யும் வேலையில் எவ்வளவு தேவைக்காக, எவ்வளவு வழக்கத்துக்காக, எவ்வளவு வருமானத்துக்காக என்று அரை நூற்றாண்டு காலம் விடாமல் கேட்டவர். கேள்வியோடு நிற்காமல் கணக்கும் போட்டுக் காட்டினார். சொந்தத் தொழில்துறையினரிடம் அவர் சம்பாதித்த கசப்புக்கு அதுவே காரணம்.

ஷீஹாம் 1936இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்தார். ஜொகனஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்தார். நிறவெறி ஆட்சியோடு ஒத்துப்போக முடியாமல் லண்டனுக்குக் குடிபெயர்ந்தார். பிற்காலத்தில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் பல் பொதுச் சுகாதாரப் பேராசிரியராக இருந்தார். 2015 நவம்பரில் காலமானார். வாழ்க்கைக் குறிப்பு என்று இவ்வளவு போதும். வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பருக்கு ஒரு வாசல் என்றிருந்த நாட்டில் மருத்துவம் கற்றவருக்கு, நோய் எல்லார் வீட்டுக் கதவையும் ஒரே மாதிரி தட்டுவதில்லை என்பதைப் பாடநூல் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்திருக்காது. இது என் ஊகம்தான். ஆனால் அவர் எழுத்தைப் படிக்கப் படிக்க அந்த ஊகம் வலுக்கிறது.

அவர் வந்து சேர்ந்த இங்கிலாந்தின் வாய் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

1968இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் பெரியவர்களின் பற்களைப் பற்றி முதல் தேசியக் கணக்கெடுப்பு நடந்தது. பெரியவர்களில் 37 சதவீதம் பேருக்கு வாயில் சொந்தப் பல் ஒன்றுகூட இல்லை. மூன்றில் ஒருவருக்கு மேல்! உலகத்துக்கே இயந்திரம் செய்து விற்ற நாடு. இருபது ஆண்டுகளாக எல்லாருக்கும் பொதுவான தேசிய மருத்துவச் சேவை நடத்திவந்த நாடு. அங்கே இந்த நிலை. பல்லிழந்தவர்கள் தெற்கைவிட வடக்கில் அதிகம். அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர்களைவிட உடலுழைப்புக் குடும்பங்களில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகம். ஆணின் எனாமலும் பெண்ணின் எனாமலும் அப்படியொன்றும் வேறுபட்டதல்ல. பிறகு ஏன்?

வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் வேல்சிலும் தொழிலாளர் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பெண்ணுக்கு இருபத்தொரு வயது நிறையும்போதோ கல்யாணம் நிச்சயமானபோதோ, இருக்கிற பற்களையெல்லாம் பிடுங்கிவிட்டு முழுப் பல் செட்டு வாங்கிக் கொடுப்பார்கள். பெற்றோர் தரும் பரிசு அது. நல்ல பல், கெட்ட பல் என்ற பேச்சே கிடையாது. என்றைக்கிருந்தாலும் போகப்போகிற பல், வலியும் செலவும் வைத்துவிட்டுத்தான் போகப்போகிறது. அந்தச் செலவு மாப்பிள்ளை தலையில் விழுவானேன் என்பது கணக்கு. நகை போட்டு அனுப்புகிற நம் ஊர்ப் பெற்றோருக்கு இது விநோதமாகத் தெரியலாம். பெண்ணைச் செலவாகப் பார்க்கும் மனக்கணக்கு மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

இந்த வழக்கத்தை அறியாமை என்று சொல்லித் தள்ளிவிடுவது எளிது. அந்தக் குடும்பங்கள் அறியாமல் செய்யவில்லை, அனுபவத்திலிருந்து செய்தார்கள். தங்களைச் சுற்றியிருந்த நாற்பது வயதுக்காரர்கள் எல்லார் வாயிலும் என்ன நடந்தது என்று பார்த்தே முடிவெடுத்தார்கள். 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய மருத்துவச் சேவை தொடங்கியபோது பல் செட்டுக்கு எழுந்த கூட்டத்தைப் பார்த்து அரசே திகைத்தது. மூன்றாண்டுக்குள் செட்டுக்குக் கட்டணம் வந்தது. அந்தச் சேவையை உருவாக்கிய அனியூரின் பெவன், பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் காசு வாங்குவதா என்று 1951 ஏப்ரலில் அமைச்சர் பதவியை விட்டே விலகினார். ஒரு நாட்டின் அமைச்சரவையைப் பொய்ப்பல் ஆட்டிவைத்தது என்றால் மிகையில்லை.

பல் மருத்துவருக்கு அந்தச் சேவை சம்பளம் கொடுத்த முறையையும் சொல்லிவிட வேண்டும். செய்த வேலைக்கு வேலை காசு. ஒரு பல்லை அடைத்தால் இவ்வளவு, பிடுங்கினால் இவ்வளவு. அடைக்காமல் பார்த்து அனுப்பிய பல்லுக்குக் கிடைப்பது அற்பம். 2006இல் முறை மாறும் வரை பெரும்பாலும் இப்படித்தான் நடந்தது. ஓட்டையா நிழலா என்று தெளிவில்லாத இடத்தில் மருத்துவரின் கை எந்தப் பக்கம் சாயும்? அவரைக் கெட்டவர் என்று சொல்ல வேண்டியதில்லை. காசு சாய்கிற பக்கம் கையும் சாயும்.

இந்தப் பின்னணியோடு படித்தால்தான் ஷீஹாமின் புகழ்பெற்ற கட்டுரையின் காரம் தெரியும். 1977இல் 'தி லான்செட்' இதழில் வந்தது, அளவில் சிறியது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லைக் காட்ட வேண்டும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் ஏதாவது இருக்கிறதா என்பது தலைப்பாக வைத்த கேள்வி. அவர் தேடிப் பார்த்தார், ஆதாரம் இல்லை. எனாமலில் தொடங்கும் சொத்தை உள்ளே இறங்கப் பலருக்கும் ஆண்டுக்கணக்கில் ஆகிறது. சில நேரம் தானே நின்றும் விடுகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அடைப்பு வைக்கப்படும் வாய்ப்பு அதிகம். ஒருமுறை அடைத்த பல் பிறகு அடைப்பு மாற்றப்படும். மாற்றும்போதெல்லாம் குழி பெரிதாகும். கடைசியில் கிரீடம், அதற்கும் அப்பால் வேர் சிகிச்சை, பிடுங்கல். நோய் தந்த பள்ளத்தைவிட மருத்துவம் தந்த பள்ளம் பெரிதாக இருந்தது என்பது அவர் குற்றச்சாட்டின் சாரம்.

அந்த ஆறு மாதம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க வானொலியில் 1930களில் ஒலித்த பற்பசை விளம்பரம் ஒன்றுதான் அதை ஊரெங்கும் பரப்பியது என்று பலரும் சொல்வார்கள். உண்மையான ஊற்று எதுவானாலும், ஆய்வுக்கூடம் அல்ல.

பல் மருத்துவர்கள் கொதித்தார்கள். வாடிக்கையாளரை விரட்டுகிறார் என்றார்கள். ஏழைகள் இனி வரவே மாட்டார்கள் என்றார்கள். இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு. அதை நான் ஒதுக்கிவிடவில்லை. ஆனால் ஏழைகள் அதற்கு முன்பும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருக்கவில்லை. வந்துகொண்டிருந்தவர்கள் நல்ல பல்லும் நல்ல வேலையும் உள்ளவர்கள். வேல்சில் சுரங்கத் தொழிலாளர்களிடையே மருத்துவம் பார்த்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971இல் அதே லான்செட் இதழில் ஒரு விதியை எழுதியிருந்தார்: நல்ல மருத்துவம் கிடைக்கும் வாய்ப்பு, அது தேவைப்படும் அளவுக்கு நேர்மாறாக இருக்கிறது என்று. ஆறு மாத வழக்கம் அந்த விதிக்கு அச்சு அசலான சாட்சி.

2004இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பு இடைவெளியைத் திருத்தியது. பெரியவர்களுக்கு அவரவர் நிலையைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை, சிறுவர்களுக்கு 12 மாதத்துக்கு மேற்படாமல். 51 மருத்துவமனைகளில் 2,372 பெரியவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வின் முடிவு 2020இல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தவருக்கும், மருத்துவர் ஆபத்தைப் பார்த்துக் குறித்த இடைவெளியில் வந்தவருக்கும், ஆபத்துக் குறைவென்று பிரித்த குழுவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வந்தவருக்கும் ஈறு நலத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. கேள்வி கேட்டு 43 ஆண்டுக்குப் பின் வந்த பதில். அதை அவர் பார்க்கவில்லை.

சரி, பல் மருத்துவர்களின் வேலை பல்லைக் காப்பாற்றவில்லை என்றால் எது காப்பாற்றியது? 1970களிலிருந்து மேலை நாடுகளில் குழந்தைகளின் சொத்தை மளமளவென்று குறைந்தது. பல் மருத்துவத் துறை அந்தப் புகழைத் தனக்கு எழுதிக்கொண்டது. பிரேசிலிலிருந்து வந்து தன்னிடம் ஆய்வு செய்த பாவ்லோ நதனோவ்ஸ்கியோடு சேர்ந்து ஷீஹாம் 1995இல் ஒரு கணக்கு வெளியிட்டார். தொழில் வளர்ச்சி பெற்ற 18 நாடுகளை எடுத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தைகளின் சொத்தை எவ்வளவு மாறியது, அந்த மாற்றத்தில் நாட்டுக்கு நாடு உள்ள வேறுபாட்டை எது விளக்குகிறது என்று பார்த்தார்கள். பல் மருத்துவச் சேவை விளக்கியது 3 சதவீதம். பரந்த சமூக, பொருளாதாரக் காரணிகள் விளக்கியது 65 சதவீதம். அந்தக் காரணிகளோடு புளோரைடு பற்பசையைச் சேர்த்தாலும் விட்டாலும் அவ்வளவுதான்.

இந்த 3 சதவீதத்தை எங்கே சொன்னாலும் அறையில் ஒரு முணுமுணுப்பு எழும், இப்போதும் கேட்கிறது. ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். இது நாடுகளை ஒப்பிட்ட கணக்கு. ராத்திரி இரண்டு மணிக்குக் கன்னம் வீங்கி வந்து நிற்பவருக்குப் பல் மருத்துவர் 3 சதவீதம்தான் பயன் என்று இதற்குப் பொருளாகாது. அவருக்கு நீங்கள் நூறு சதவீதம். ஒரு தலைமுறையின் சொத்தை ஏறுவதையும் இறங்குவதையும் தீர்மானிப்பது நம் நாற்காலி அல்ல என்பதே இதன் பொருள்.

அப்படியென்றால் சொத்தைக்கு முகவரி எது? ஷீஹாம் தயங்காமல் காட்டிய முதல் வீடு சர்க்கரை.

சர்க்கரையும் சொத்தையும் தொடர்புள்ளவை என்பது நம் பாட்டிமாருக்கும் தெரியும். எவ்வளவு சர்க்கரை, எத்தனை ஆண்டில், எவ்வளவு சொத்தை என்பதே அறிவியலின் கேள்வி. மனிதரை வைத்து அதைச் சோதிப்பது அறமாகாது. சுவீடனில் லுண்ட் நகரை அடுத்த விபெஹோம் மருத்துவமனையில் 1940களில் அதைச் செய்தே விட்டார்கள். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள், சம்மதம் சொல்லவோ மறுக்கவோ முடியாதவர்கள். அவர்களுக்குப் பல்லில் ஒட்டும் மிட்டாயைத் தொடர்ந்து கொடுத்து அவர்கள் பல் அழிவதை அளந்தார்கள். செலவில் ஒரு பங்கை இனிப்புத் தொழில்துறையினரே ஏற்றார்கள். 1954இல் முடிவு வெளிவந்தது. சாப்பாட்டுக்கு இடையே அடிக்கடி தின்னும் ஒட்டும் இனிப்பே மிகக் கொடியது. அதன் பின் சுவீடனில் பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒருநாள், சனிக்கிழமை மட்டும் மிட்டாய் என்ற வழக்கம் வேரூன்றியது. இன்று அந்நாட்டில் சனிக்கிழமை மிட்டாய் என்பது குடும்பக் கொண்டாட்டம். அதற்குக் கொடுத்த விலை யாருடைய பற்கள் என்பதைப் பேசுவோர் குறைவு.

இன்னொரு சோதனையை யாரும் திட்டமிடவில்லை; போர் செய்தது. ஜப்பானில் இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 15 கிலோ சர்க்கரை. 1946இல் அது 200 கிராம். குழந்தைகளின் சொத்தை விழுந்தது. சர்க்கரை திரும்பியது, சொத்தையும் திரும்பியது. நார்வேயிலும் போர்க்காலப் பங்கீடு இதையே காட்டியது. இந்தப் பழைய ஜப்பானியக் கணக்குகளைத் தூசி தட்டி எடுத்து, ஷீஹாமும் ஊட்டச்சத்து அறிஞர் பிலிப் ஜேம்சும் 2014இல் மறுபடி ஆராய்ந்தார்கள். சர்க்கரைக்குப் பாதுகாப்பான எல்லை என்று நாம் நம்பியது பொய், குறைவான அளவிலும் சொத்தை ஏறிக்கொண்டுதான் இருக்கிறது, புளோரைடு அதைத் தள்ளிப்போடுகிறதே தவிர நிறுத்தவில்லை என்றார்கள். உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் சேர்த்த சர்க்கரையின் பங்கு 3 சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும் என்றார்கள். 2015இல் உலக சுகாதார நிறுவனம் 10 சதவீதத்துக்குக் கீழே என்று உறுதியாகவும், 5 சதவீதத்துக்குக் கீழே என்று பரிந்துரையாகவும் எல்லை வைத்தது. அந்த 5 சதவீதத்துக்கு ஆதாரமாக நின்றது சொத்தைப் பல். பருமனுக்கும் நீரிழிவுக்கும் நடுவே, மருத்துவர்கள் யாரும் மதிக்காத பல்தான் உலகச் சர்க்கரை எல்லைக்குச் சாட்சி சொன்னது. எனக்கு இதில் ஒரு சின்னப் பெருமை.

5 சதவீதம் என்பது பெரியவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம், ஆறு தேக்கரண்டி. நம் டீக்கடைக் கணக்கில் போட்டுப் பாருங்கள். இரண்டு டீ, ஒரு பாட்டில் குளிர்பானம், முடிந்தது.

எல்லை வைப்பது எளிதாக நடக்கவில்லை. 2003இல் உலக சுகாதார நிறுவனம் 10 சதவீதம் என்று சொன்னபோதே, அமெரிக்கா அந்நிறுவனத்துக்குத் தரும் நிதியை நிறுத்தச் சொல்வோம் என்று அமெரிக்கச் சர்க்கரைச் சங்கம் கடிதம் எழுதி மிரட்டியது. 1971இல் அமெரிக்க அரசு தொடங்கிய தேசியச் சொத்தை ஒழிப்புத் திட்டம் சர்க்கரையைக் குறைப்பது பற்றிப் பேசாமல் தடுப்பூசி, நொதி என்று வேறு பக்கம் பார்த்ததே, அதன் பின்னால் சர்க்கரைத் தொழிலின் கை இருந்ததைப் பழைய கடிதக் கட்டுகளிலிருந்து கலிபோர்னிய ஆய்வாளர்கள் 2015இல் வெளிக்கொண்டு வந்தார்கள். ஆகவே பிள்ளைக்கு மிட்டாய் வாங்கிக்கொடுத்த தாயைத் திட்டுவதற்கு முன், அந்த மிட்டாயை அந்தத் தெருமுனைக் கடை வரை கொண்டுவந்து சேர்த்தவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை பேச வேண்டும். ஷீஹாம் அதைத்தான் பேசினார்.

அவர் மேற்பார்வையில் வந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு, அதிகம் பேசப்படாதவை. இரண்டும் வாக்னர் மார்செனஸ் என்பவரோடு சேர்ந்து செய்தவை. 1992இல் வந்த முதலாவது, பிரேசிலில் வேலை செய்பவர்களை எடுத்துக்கொண்டு, வேலையில் உள்ள மன அழுத்தத்துக்கும் ஈறு நோய்க்கும் தொடர்பு கண்டது. 1996இல் வந்த இரண்டாவது, தம்பதிகளிடையே இணக்கம் குறைந்த இடத்தில் சொத்தையும் ஈறு நோயும் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. வீட்டில் நிம்மதி இல்லாதவருக்குப் பல் தேய்க்கும் நேரமும் மனமும் எங்கிருந்து வரும் என்று நம் பெரியவர்கள் கேட்பார்கள். அதற்கு எண் வைத்துக் காட்டியது அந்த ஆய்வு.

லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் ஷீஹாமுக்குச் சக பேராசிரியராக இருந்தவர் மைக்கேல் மார்மோட். பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடையே பதவி ஒரு படி குறைந்தால் மாரடைப்பு மரணம் ஒரு படி கூடுவதைக் காட்டிய ஒயிட்ஹால் ஆய்வுகளோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர். பல்லிலும் அதே படிக்கட்டு இருக்கிறதா என்று ஷீஹாம் குழு அமெரிக்கத் தேசியத் தரவுகளை வைத்து 2007இல் பார்த்தது. இருந்தது. வருமானத்திலும் கல்வியிலும் ஒவ்வொரு படி இறங்க இறங்க ஈறு நோய் ஏறியது. இதய நோயும் அதே போல் ஏறியது. ஏழை, பணக்காரர் என்ற இரண்டே பிரிவாக இருந்திருந்தால் வறுமையை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடலாம். நடுவில் இருப்பவருக்கும் மேலே இருப்பவரைவிட நோய் கூடுதல் என்றால் காரணம் வறுமையோடு முடியவில்லை.

இதிலிருந்து பிறந்ததே, ரிச்சர்ட் வாட் என்பவரோடு 2000இல் அவர் முன்வைத்த பொது ஆபத்துக் காரணி அணுகுமுறை. பெயர் நீளம், விஷயம் எளிது. சர்க்கரை, புகையிலை, மது, மன அழுத்தம் இவைதாம் பல்லையும் கெடுக்கின்றன, இதயத்தையும் கெடுக்கின்றன, புற்றுநோயையும் தருகின்றன. அப்படியிருக்கப் பல்லுக்கு ஓர் இயக்கம், நெஞ்சுக்கு ஓர் இயக்கம் என்று தனித்தனியே ஏன்?

மருத்துவத் தேவை என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வியிலும் அவர் கை வைத்தார். மருத்துவர் வாயைத் திறந்து பார்த்து இத்தனை குறை என்று எழுதுவது ஒரு கணக்கு. அந்தக் குறையால் அந்த மனிதரின் நாள் எப்படிப் போகிறது என்பது இன்னொரு கணக்கு. 1986இல் கஷிங், மைசல்ஸ் என்ற இரு ஆய்வாளரோடு சமூகப் பல் குறியீடுகளைப் பற்றி எழுதினார். பத்தாண்டுக்குப் பின் தாய்லாந்திலிருந்து வந்த சுப்ரீதா அதுல்யனோன் அவரோடு சேர்ந்து உருவாக்கிய அளவுகோல் இன்று உலகெங்கும் புழங்குகிறது. சாப்பிட முடிகிறதா, தெளிவாகப் பேச முடிகிறதா, பல் தேய்க்க முடிகிறதா, தூங்க முடிகிறதா, கூச்சமின்றிச் சிரிக்க முடிகிறதா, எரிச்சல் வருகிறதா, வேலையைச் செய்ய முடிகிறதா, நாலு பேரோடு பழக முடிகிறதா என எட்டுக் கேள்வி. அவ்வளவுதான். க்ளிப்பு போட வேண்டும் என்று மருத்துவர் முடிவு செய்த பிள்ளைகளிடம் இக்கேள்விகளைக் கேட்டால், தேவைப்படுவோர் எண்ணிக்கை சடசடவென்று குறைந்துவிடும். தனியார் மருத்துவமனை வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியை மறந்துவிடலாம்.

அவரிடம் எனக்கு ஒரு குறையும் உண்டு. ஷீஹாம் கணக்காளர். வெட்கத்தையும் அச்சத்தையும் அழகையும்கூட எட்டுக் கேள்வியின் மதிப்பெண்ணாக்கினார். அந்த இங்கிலாந்துப் பெண் பல்லைப் பிடுங்கிக்கொள்ள ஏன் சம்மதித்தாள் என்பதை மதிப்பெண் சொல்லாது. அவளோடு உட்கார்ந்து பேச வேண்டும். அந்த வேலையைச் செய்ய வேறொரு வழியில் வந்தவர்கள் வேண்டியிருந்தார்கள். அமெரிக்காவில் லோயிஸ் கோஹன் என்ற சமூகவியலாளர் 1960களிலேயே அரசின் பல் நலத் துறைக்குள் நுழைந்து தம் பணிக்காலம் முழுவதையும் அங்கே செலவிட்டார். இங்கிலாந்தில் சாரா நெட்டில்டன் 1992இல் 'பவர், பெயின் அண்ட் டென்டிஸ்ட்ரி' என்ற நூலை எழுதினார். பிரெஞ்சு அறிஞர் மிஷேல் ஃபூக்கோவின் பார்வையைக் கடன் வாங்கி, பள்ளியில் வரிசையில் நிறுத்திக் குழந்தைகளின் வாயைத் திறந்து பார்க்கும் சடங்கை ஆராய்ந்த நூல். பல்லைத் தேய்க்கக் கற்றுக்கொடுப்பது பல்லுக்காக மட்டும் அல்ல, தன்னைத் தானே கண்காணித்துக்கொள்ளும் ஓர் ஆளை உண்டாக்குவதற்கும்தான் என்கிறார் அவர். ஷீஹாமையும் நெட்டில்டனையும் சேர்த்துப் படிக்காதவர் இந்தத் துறையைப் பாதிதான் படித்திருக்கிறார்.

இனி நம் ஊருக்கு வருகிறேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரம். அதற்கு மேலே போன கிணறுகளின் தண்ணீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் முன்பல்லில் பழுப்புக் கறை ஏறியது. முத்தான பல் முளைக்கும் முன்பே உள்ளே பதிந்த கறை அது. எந்தப் பொடியாலும் போகாது. அங்கே பணியாற்றிய பல் மருத்துவர்களைக் கேளுங்கள். கல்யாணம் நிச்சயமாகும் முன் கறையை எடுத்துத் தர முடியுமா என்று வந்து நிற்கும் இளைஞர்களையும் பெண்களையும் பற்றிச் சொல்வார்கள். வாயைத் திறந்தால் ஊர் தெரிந்துவிடும். கறை எடுக்க வழி சொல்வது நம் தொழில். ஆனால் அடுத்த தலைமுறைக்குக் கறை வராமல் செய்யும் வேலையைப் பல் மருத்துவர் செய்யவில்லை. காவிரித் தண்ணீரைக் கொண்டு போன ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அதற்காகவே வகுக்கப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. குழாயும் நீரேற்று நிலையமும் போட்ட பொறியாளர்களைத்தான் அந்த வட்டாரத்தின் பெரிய பல் மருத்துவர்கள் என்பேன்.

புகையிலையிலும் இதே கதை. குட்கா மென்று வாய் திறக்க முடியாமல் வருபவருக்குப் புறநோயாளர் பிரிவில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம். 2013இல் தமிழ்நாட்டில் போட்ட தடை கடை கடையாக நடைமுறையானால் செய்யக்கூடியது அதிகம்.

ஆனால் நம் கல்லூரிகளின் வழக்கம் வேறு. இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. சமூகப் பல் மருத்துவம் என்றால் அவற்றில் பலவற்றுக்கும் நினைவுக்கு வருவது முகாம். பள்ளிக்குப் போவோம், பெரிய மாதிரிப் பல்லில் பெரிய பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துக் காட்டுவோம், ஒரு நிறுவனம் கொடுத்த சின்னப் பற்பசைக் குழாயை ஆளுக்கு ஒன்று தருவோம், புகைப்படம் எடுத்துக்கொள்வோம். இப்படிப்பட்ட அறிவுரைகளை எல்லாம் தொகுத்து எலிசபெத் கே, டேவிட் லாக்கர் இருவரும் 1996இல் மதிப்பிட்டார்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்தது கூடுகிறது, பல்லில் அழுக்கு சில காலம் குறைகிறது, புளோரைடு சேராத அறிவுரையால் சொத்தை குறையவில்லை. பள்ளி வாசலில் மிட்டாய்த் தட்டு அப்படியே இருக்க, உள்ளே பிரஷ் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது பிள்ளையின் தலையில் பழியைப் போடும் வேலை. ஷீஹாம் இருந்திருந்தால் இதைவிடக் கடுமையாகச் சொல்லியிருப்பார்.

முகாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முகாமுக்குப் போகிறவர்கள் பள்ளிக்குள் செலவிடும் நேரத்தில் பாதியைப் பள்ளிக்கு வெளியே செலவிடுங்கள். சுற்றியுள்ள கடைகளில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் என்ன தொங்குகிறது, ஐந்து ரூபாய்க்கு என்ன கிடைக்கிறது, பள்ளியில் குடிக்கத் தண்ணீர் இருக்கிறதா, அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று எழுதி வாருங்கள். அந்தத் தாளைச் சொத்தைக் கணக்கோடு சேர்த்துத் தலைமையாசிரியருக்கும் உள்ளாட்சிக்கும் கொடுங்கள். அடுத்து, உங்கள் கல்லூரியின் புறநோயாளர் சீட்டை இன்று மாலையே எடுத்துப் பாருங்கள். வேலை நேரம் என்ன, குடிநீர் எங்கிருந்து என்ற இரண்டு கேள்விகளுக்கு அதில் இடம் இல்லையென்றால், அடுத்த கட்டு அச்சுக்குப் போகும் முன் சேர்க்கச் சொல்லித் துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுங்கள். அவர் மறுத்தால் கையாலேயே எழுதிக்கொள்ளுங்கள். சீட்டின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது.